உதவி தேவை: கேஸ் ட்ரையர் இரண்டரை மணி நேரம் ஓடியும் துணி காயவில்லை, வென்ட்டை (ஈரக் காற்று போகும் குழாயை) எந்த வழியாக வெளியே கொண்டுபோவது?

புதுவீட்டுக்காரன், நியூ ஜெர்சி:

வணக்கம். எடிசன் பக்கம் போன அக்டோபரில் ஒரு பழைய வீடு வாங்கினோம். 1987-இல் கட்டியது. வாஷரும் ட்ரையரும் பேஸ்மென்ட்டில் இருக்கின்றன. ட்ரையர் கேஸில் ஓடுவது, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனது.

வந்த நாளிலிருந்தே துணி காய நேரம் ஆகிறது. குளிர் வந்த பிறகு ரொம்ப மோசம். துண்டும் பெட்ஷீட்டுமாக ஒரு லோடு போட்டால் இரண்டரை மணி நேரம். அப்போதும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கிறது. ட்ரையரின் மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பேஸ்மென்ட் ஜன்னலின் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது. மெக்கானிக் வந்து, அதிகச் சூடானால் அறுந்துவிடும் தெர்மல் ஃப்யூஸ் போய்விட்டது என்று மாற்றினார். மூன்றே வாரத்தில் அதுவும் போய்விட்டது. இரண்டாவது முறையும் மாற்றிவிட்டு, மெஷினையே மாற்றுங்கள் என்கிறார்.

ட்ரையரின் பின்னால் வெள்ளை பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்று மேலே போய் ஃபால்ஸ் சீலிங்குக்குள் நுழைகிறது. வீட்டின் பின்சுவரில் வெளியே ஒரு வென்ட் மூடி இருக்கிறது, அங்கேதான் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மச்சான் வருகிறான். இருவருமாகப் புதுக் குழாய் போட்டுவிடலாம் என்று திட்டம். சீலிங்கைப் பிரிக்க மனமில்லை. அதனால் பக்கச் சுவரை ஒட்டியே கொண்டுபோய்ப் பின்பக்கம் வெளியேற்றினால் 28 அடி வருகிறது, நான்கு இடத்தில் வளைக்க வேண்டும். 35 அடி வரை போகலாம் என்று படித்தேன், ஆகவே இது சரிதானே? இல்லையென்றால் பக்கத்திலேயே இருக்கும் கராஜுக்குள் விட்டுவிடலாமா? தண்ணீர் ஊற்றி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று விற்கிறார்களே, அதில் ஹோஸைச் செருகினால் போதும் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார், அதுவும் ஒரு யோசனை. எது நல்லது?

டக்ட் வேலைக்காரர், பென்சில்வேனியா:

தம்பி, வழியெல்லாம் அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த ட்ரையரை நிறுத்துங்கள், இன்றைக்கே. பின்னால் மஞ்சள் பிடி போட்ட கேஸ் வால்வு இருக்கும். குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் மூடிவிடும்.

இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன நான்கும், அதாவது துணி காயாதது, மேல்தகட்டுச் சூடு, ஜன்னலில் தண்ணீர், ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போவது, எல்லாம் ஒரே நோய். ஈரக் காற்று வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மெஷினில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். காற்று அடைத்தால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் ஃப்யூஸ் தன் வேலையைச் செய்து தன்னை அறுத்துக்கொள்ளும். காரணத்தைப் பார்க்காமல் ஃப்யூஸை மட்டும் மாற்றினால் அடுத்ததும் போகத்தான் செய்யும்.

மின்சார ட்ரையர் என்றால் இதோடு முடிந்தது. உங்களுடையது கேஸ். உள்ளே ஒரு பர்னர் எரிகிறது, அதன் புகையும் இதே குழாய் வழியாகத்தான் போக வேண்டும். போகாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வீட்டில் யாருக்காவது தலைவலி, குமட்டல், தலைசுற்றல் இருக்கிறதா? கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? அதைக் கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். ஏழு முதல் பத்து வருடத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

வென்ட்டை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ட்ரையரில் சூடில்லாமல் வெறும் காற்று மட்டும் ஓடும் சுற்று இருக்கும், ஏர் ஃப்ளஃப் என்று போட்டிருக்கும். அதில் பர்னர் பற்றாது, கேஸ் மூடியிருக்கும்போதும் ஓடும். அதை ஓடவிட்டு வெளியே போய் அந்த வென்ட் மூடிக்கு முன்னால் கையை நீட்டுங்கள். மூடியில் உள்ள இதழ் திறந்து, கையில் நன்றாகக் காற்று அடிக்க வேண்டும். பிறகு சீலிங் தகட்டைத் தூக்கி ஹோஸ் எங்கே போகிறது என்று பாருங்கள்.

புதுவீட்டுக்காரன், நியூ ஜெர்சி:

அண்ணா, கை நடுங்கிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

வெளியே ஒரு துளி காற்றுகூட வரவில்லை. உள்ளே வந்து சீலிங் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். அந்த வெள்ளை ஹோஸ் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நாலைந்து அடி தள்ளி, இரண்டு ஜாய்ஸ்டுக்கு (மேல்தளத்தைத் தாங்கும் உத்திரத்துக்கு) நடுவில், வாயைத் திறந்தபடி சும்மா கிடக்கிறது. வெளியே இருக்கும் மூடி பேஸ்மென்ட் பாத்ரூம் ஃபேனுடையது! இந்த ட்ரையருக்கு வெளியே போக வழியே இருந்ததில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மரம், ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது மாதிரி துணிப் பஞ்சு. ஹோஸின் வளைவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அதில் பஞ்சு ஊறி, பிழிந்த காகிதக் கூழ் போல இருக்கிறது. ஒரு ஒயர் ஜங்ஷன் பெட்டிக்கு மூடி இல்லை, அதற்குள்ளும் பஞ்சு.

அம்மா நவம்பரில் மதுரையிலிருந்து வந்திருக்கிறார். பேஸ்மென்ட்டில் உள்ள அறையைத்தான் அவருக்குக் கொடுத்திருந்தோம். துணி போடும் நாளெல்லாம் சாயங்காலம் தலை வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் நினைத்தோம். அலாரத்தின் பின்னால் 2011 என்று இருக்கிறது. அம்மாவை மேலே மாற்றிவிட்டோம். கேஸ் வால்வை மூடிவிட்டேன். இரண்டு புது அலாரம் வாங்கி வந்தாயிற்று.

டக்ட் வேலைக்காரர், பென்சில்வேனியா:

நல்ல காரியம் செய்தீர்கள். ஒன்றை படுக்கையறைகளுக்கு வெளியே மாட்டுங்கள், இன்னொன்றைப் பேஸ்மென்ட்டில். அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் காட்டி, கேஸ் ட்ரையர் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். அலாரம் எப்போதாவது கத்தினால் ஜன்னலைத் திறந்து காரணம் தேட நிற்காதீர்கள். எல்லாரும் வெளியே போய் நின்றுகொண்டு 911-ஐக் கூப்பிடுங்கள்.

பஞ்சை வேக்கம் போட்டு எடுக்கும் முன் அந்த ஒயர் பெட்டியின் பிரேக்கரை அணையுங்கள். சுத்தம் செய்ததும் அதற்கு ஒரு மூடி போடுங்கள். இந்தப் பஞ்சு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில், வீடுகளில் வருடத்துக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்துகள். முதல் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது, நூற்றுக்கு 34.

ஸ்கார்பரோ மாமா, கனடா:

தம்பி, அந்தத் தண்ணீர்ப் பெட்டியை வாங்கிப் போடாதீர்கள். எங்கள் முதல் அப்பார்ட்மென்ட்டில் மின்சார ட்ரையருக்கு நானும் அப்படி ஒன்று வைத்திருந்தேன். மாரிகாலம் முழுக்க அலுமாரிக்குப் பின்சுவரில் பூஞ்சணம். ஒரு லோடு துணியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ, அவ்வளவும் ஆவியாகி வீட்டுச் சுவரில் போய்த்தான் குந்தும். கேஸ் ட்ரையருக்கு அந்தப் பெட்டி கூடவே கூடாது. அது பஞ்சைத்தான் பிடிக்கும், புகையைப் பிடிக்காது.

கராஜும் அப்படித்தான். அங்கே விட்டாலும் வீட்டுக்குள் விட்டது மாதிரித்தான். சட்டமும் விடாது, வென்ட் கட்டடத்துக்கு வெளியேதான் முடிய வேண்டும். கூரைக்கடியில் உள்ள அட்டிக், தரைக்கடியில் உள்ள கிரால் ஸ்பேஸ், புகைக்கூண்டு எதுவும் வெளி அல்ல.

இன்னொன்று. கேஸ் குழாயைத் தொடும் வேலையை நீங்களும் மச்சானும் செய்யாதீர்கள். எங்கள் ஒன்டாரியோவில் லைசென்ஸ் உள்ளவர்தான் தொடலாம். காற்றுக் குழாயை நீங்கள் பூட்டலாம், காஸை அதற்குரிய ஆளிடம் விடுங்கோ. டவுன்ஷிப்பில் பெர்மிட் வேண்டுமா என்றும் கேளுங்கள்.

டக்ட் வேலைக்காரர், பென்சில்வேனியா:

மாமா சொன்னதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். இப்போது உங்கள் 28 அடிக் கணக்குக்கு வருகிறேன். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிறார்கள்.

35 அடி என்பது ஒரு வளைவும் இல்லாத நேர்க்குழாய்க்கு. ஒவ்வொரு சாதாரண 90 டிகிரி எல்போவும், அதாவது வளைவுத் துண்டும், அதில் 5 அடியைத் தின்றுவிடும், 45 டிகிரி என்றால் இரண்டரை அடி. உங்கள் வழியில் 28 அடி, நான்கு எல்போவுக்கு 20 அடி, மொத்தம் 48. காற்று அந்தத் தூரத்தைத் தள்ளிக்கொண்டு போகாது. ஈரப் பஞ்சு பாதி வழியிலேயே ஒட்டிக்கொள்ளும், இரண்டு வருடத்தில் பழைய கதைதான்.

சீலிங்கைப் பிரிக்க மனமில்லை என்றீர்கள். எப்படியும் பாதி பிரித்தாயிற்று. ஜாய்ஸ்டுகள் பின்சுவரை நோக்கி ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் ட்ரையரின் பின்னாலிருந்து நேரே மேலே ஏறி, இரண்டு ஜாய்ஸ்டுக்கு நடுவிலேயே போய், அவற்றின் முனையில் சுவரோரமாக நிற்கும் ரிம் ஜாய்ஸ்டைத் துளைத்து வெளியேறலாம். எல்போ இரண்டே இரண்டு. ஜாய்ஸ்ட் எதையும் வெட்ட வேண்டாம், வெட்டவும் கூடாது. அளந்து சொல்லுங்கள்.

புதுவீட்டுக்காரன், நியூ ஜெர்சி:

ஆமாம் அண்ணா, பின்சுவரை நோக்கித்தான் ஓடுகின்றன. மேலே ஏற 7 அடி, அங்கிருந்து சுவர் வரை 17 அடி. மொத்தம் 24. இரண்டு எல்போவுக்கு 10 சேர்த்தால் 34. மயிரிழையில் தப்பிக்கிறதா?

டக்ட் வேலைக்காரர், பென்சில்வேனியா:

கணக்குக்குள் இருக்கிறது. ஆனாலும் மயிரிழையில் விட வேண்டாம். எல்போ வாங்கும்போது பெரிதாக வளையும், உள்ளே வழுவழுப்பான வகையைக் கேளுங்கள். 6 இன்ச் ஆரம் உள்ள வழவழப்பான எல்போவுக்கு 5 அடி கழிக்க வேண்டியதில்லை, 1 அடி 9 இன்ச் கழித்தால் போதும். அப்போது உங்கள் வழி மொத்தம் இருபத்தேழரை அடி. கையில் ஏழரை அடி மிச்சம். மெஷினின் கையேட்டில் வேறு நீளம் போட்டிருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள். மாடல் எண் கதவைத் திறந்தால் விளிம்பில் இருக்கும்.

டல்லாஸ் அக்கா, டெக்சாஸ்:

கூரை வழியாகவும் போகலாமே என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் லாண்டரி மாடியில், நட்ட நடுவில். பில்டர் கூரை வழியாகத்தான் வென்ட் வைத்தார். மூன்றாவது வருடம் துணி காயவில்லை. ஆளைக் கூரையில் ஏற்றிப் பார்த்தால், மூடியின் உள்ளே கொசுவலை மாதிரி ஒரு கம்பி வலை. பறவை நுழையக் கூடாது என்று யாரோ நல்லெண்ணத்தில் வைத்தது. அதில் பஞ்சு தட்டையாக அப்பி, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி ஒரு துளைகூட இல்லாமல் மூடியிருந்தது. ட்ரையர் வென்ட்டில் வலையே இருக்கக் கூடாது. காற்று வரும்போது திறந்து, நின்றதும் தானே மூடும் இதழ் மட்டும்தான். பக்கச் சுவர் கிடைக்கிறவர்கள் கூரைக்குப் போகவே வேண்டாம், நீங்களே எட்டிச் சுத்தம் செய்ய முடியும்.

வழியே இல்லாத வீடுகளுக்கு இப்போது ஹீட் பம்ப் ட்ரையர் வருகிறது. வென்ட் தேவையில்லை, மின்சாரம் குறைவு. நேரம் மட்டும் கூடுதலாக எடுக்கும், ஃபில்டரைத் தவறாமல் கழுவ வேண்டும். அம்மா வீட்டில் இருப்பதால் இதையும் யோசித்துப் பாருங்கள் தம்பி.

புதுவீட்டுக்காரன், நியூ ஜெர்சி:

நன்றி அக்கா. வீட்டில் பேசினோம். இப்போதைக்கு இதற்கே சரியான வழி போட்டுவிட்டு, இந்த மெஷின் ஓய்ந்த பிறகு ஹீட் பம்ப்புக்கு மாறலாம் என்று இருக்கிறோம். அண்ணா, சனிக்கிழமைக்கு என்னென்ன வாங்க வேண்டும்? ஸ்க்ரூ போட்டு இணைக்கலாமா? பின்பக்கம் டெக் (மரப்பலகைத் தளம்) இருக்கிறது, அதன் அடியில் வெளியேற்றலாமா?

டக்ட் வேலைக்காரர், பென்சில்வேனியா:

டெக்கின் அடியில் வேண்டாம். ஈரமும் பஞ்சும் பலகையிலேயே தங்கும், பிறகு குனிந்து சுத்தம் செய்யவும் மாட்டீர்கள். டெக் முடியும் இடம் தாண்டி, ஜன்னல், கதவு எதிலிருந்தும் குறைந்தது 3 அடி தள்ளி வையுங்கள். ஏசியின் வெளி யூனிட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம், அதன் துடுப்புகளில் பஞ்சு அடைக்கும். பனி குவிந்தாலும் இதழ் மூடிப்போகாத உயரம் இருக்க வேண்டும்.

குழாய் 4 இன்ச் விட்டம், வழுவழுப்பான கெட்டித் தகடு, கால்வனைஸ்டு அல்லது அலுமினியம். ஹோம் டிப்போவில் 5 அடித் துண்டுகளாகக் கிடைக்கும். அந்த வெள்ளை பிளாஸ்டிக் ஹோஸ் குப்பைக்கு. பளபளவென்று மடிப்பு மடிப்பாக வரும் ஃபாயில் ஹோஸும் வேண்டாம். ட்ரையரிலிருந்து சுவரில் இருக்கும் குழாய் வரை உள்ள இணைப்புக்கு மட்டும் ஓரளவு வளையும் செமி ரிஜிட் அலுமினியம். அது ஒரே துண்டாக, 8 அடிக்கு மேல் போகாமல், கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் இருக்க வேண்டும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சுவருக்குள்ளோ சீலிங்குக்குள்ளோ அதை நுழைக்கக் கூடாது.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை சுருக்கி இருக்கும். அந்தச் சுருக்கிய முனை காற்று போகும் பக்கம் பார்க்க வேண்டும், அடுத்த துண்டின் வாய்க்குள் நுழைய வேண்டும். ஓடு வேயும்போது மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காருமே, அது மாதிரி. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விளிம்பு எதிரே நின்று பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஸ்க்ரூவும் அதே காரணத்துக்காகத்தான். 1/8 இன்ச்சுக்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது விதி. நான் ஸ்க்ரூவே போடுவதில்லை. இணைப்பை இறுக்கமாகச் செருகி, மேலே ஃபாயில் டேப், யூஎல் 181 என்று அச்சடித்தது. சாம்பல் நிறத் துணி டேப்புக்கு டக்ட் டேப் என்று பெயர்தான், சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும். குழாயைத் தாங்க 12 அடிக்கு ஒரு பட்டி போதும் என்கிறது விதி. நான் நாலடிக்கு ஒன்று போடுவேன், தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். வெளிப்பக்கம் லேசாகச் சரிவு வைத்துவிடுங்கள்.

துளையிடும்போது அவசரப்பட வேண்டாம். உள்ளேயிருந்து நீளமான மெல்லிய பிட்டால் ஒரே ஒரு துளை போட்டு, வெளியே போய் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒயர், குழாய், மேலே டெக்கைத் தாங்கும் லெட்ஜர் பலகை எதுவும் குறுக்கே இல்லை என்று உறுதியான பிறகு, வெளியேயிருந்து நாலேகால் இன்ச் ஹோல் சா, அதாவது வட்டமாக வெட்டும் ரம்பம். மூடியின் மேலும் பக்கங்களிலும் சிலிகான் வையுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. அதே பேஸ்மென்ட்டில் வாட்டர் ஹீட்டரும் கேஸ்தானா? குழாய் சரியானதும் ட்ரையர் அறைக் காற்றை முதன்முறையாக வெளியே தள்ளப்போகிறது. அந்த அளவுக்கு வெளியிலிருந்து காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால், வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி வழியாகப் புகையைக் கீழே இழுத்துவிடும். வேலை முடிந்ததும் கதவு ஜன்னலைச் சாத்தி, ட்ரையர், கிச்சன் ஃபேன், பாத்ரூம் ஃபேன் எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஹீட்டர் எரியத் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து அதன் தலையில் இருக்கும் குடை போன்ற ஹூடின் ஓரத்தில் ஒரு ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போனால் நல்லது. வெளியே தள்ளினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை கொஞ்சம் இருந்தாலும் தீக்குச்சியே கிழிக்காதீர்கள், வெளியே போய் கேஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

புதுவீட்டுக்காரன், நியூ ஜெர்சி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

டவுன்ஷிப்பில் கேட்டேன், பெர்மிட் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை. பஞ்சை எடுக்கவே முதல் நாள் பகல் போய்விட்டது, மூன்று பெரிய குப்பைப் பை. மச்சான் முதல் இரண்டு துண்டையும் சுருக்கிய முனை பின்னோக்கி இருக்கும்படி மாட்டிவிட்டான், நீங்கள் சொன்ன ஓடு ஞாபகம் வந்து கழற்றி மாற்றினோம். கேஸ் லைனை லைசென்ஸ் உள்ள பிளம்பர் வந்து பார்த்தார். பழைய வளைகுழாயை மாற்றிப் புதிது போட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று காட்டிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஊதுபத்திப் புகை முதலில் தயங்கி நின்றது, உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை. லாண்டரி அறைக் கதவைத் திறந்ததும் சரசரவென்று உள்ளே போனது. அதனால் அந்தக் கதவைக் கழற்றிவிட்டு மேலும் கீழும் காற்று போகும் லூவர் கதவு போட்டோம். கதவைச் சாத்தி மறுபடி சோதித்தேன், புகை உள்ளேதான் போகிறது.

அதே துண்டு, பெட்ஷீட் லோடு இப்போது 50 நிமிடம். ஃப்யூஸ் அப்படியே இருக்கிறது. அலாரம் இரண்டும் பூஜ்யம் காட்டுகின்றன. அம்மாவுக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்தார். ட்ரையரை நிறுத்திச் சில நாள் ஆகிவிட்டதால் அதில் ஒன்றும் தெரியாது என்றும், தலைவலி நின்றதே நல்ல அறிகுறி என்றும் சொன்னார். அன்றைக்குப் பிறகு அவர் தைல பாட்டிலைத் திறக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

டக்ட் வேலைக்காரர், பென்சில்வேனியா:

படித்து மனசு நிறைந்தது தம்பி. உள்ளே இருக்கும் லின்ட் ஃபில்டரை ஒவ்வொரு லோடுக்கும் துடையுங்கள். குழாயை வருடம் ஒருமுறை, குளிர் தொடங்கும் முன். டிரில்லில் மாட்டும் நீளத் தூரிகை கிடைக்கும். அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் மட்டும் சுழற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் கம்பி உள்ளே கழன்று நின்றுவிடும். இடையில் ஒரு லோடு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் வருடம் ஆகக் காத்திருக்க வேண்டாம், வெளியே போய் மூடிக்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு மார்க்கர் எடுத்து, ட்ரையர் பக்கத்தில் கண்ணில் படும் இடத்தில் குழாயின் மேலேயே எழுதிவையுங்கள்: நீளம் எவ்வளவு, எல்போ எத்தனை, கடைசியாகச் சுத்தம் செய்த தேதி. உங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் தெரியட்டும்.

புதுவீட்டுக்காரன், நியூ ஜெர்சி:

எழுதிவிட்டேன் அண்ணா. 24 அடி, 2 எல்போ, பின்சுவர், டெக்குக்கு இடப்பக்கம். தேதியும் போட்டாயிற்று. தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி.